எழுதிய பின்னர் அழுத்தவும்

மாமாவின் செத்தவீடு முடிந்த கிழமையில் என்னுடைய மின்னஞ்சலுக்கு வெறுங்கடிதங்கள் வரத் தொடங்கின. பெயர் என்றிருக்கும், பக்கத்தில் ஒன்றும் இராது. ஊர் என்றிருக்கும், அதற்கும் ஒன்றும் இராது. செய்தி என்றிருக்கும், அதன் கீழே வெள்ளை.

மாமா என்று நான் சொல்வது சொந்த மாமாவை அல்ல. லண்டன் கிங்ஸ்பரியில் நாங்கள் குடியிருந்த வீட்டின் சொந்தக்காரர் அவர். கீழே அவரும் மாமியும் இருந்தார்கள். மேலே இரண்டு அறைகளில் அப்பா, அம்மா, நான். அவர்களுக்குப் பிள்ளைகள் இல்லை. மாமாவுக்கு வெம்பிளியில் ஒரு சின்னக் கடை. ஒருநாள் காலை கடை திறக்கப் புறப்பட்டவர் சப்பாத்துக் கட்டக் குனிந்தார், நிமிரவில்லை.

நான் அப்போது பல்கலைக்கழகத்தில் கணினி படித்துக்கொண்டிருந்தேன். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை ஒழுங்காக முடித்தவனே நான்தான். அப்பா மூன்றாம் வகுப்போடு நின்றவர், எழுத்துக்கூட்டித் தமிழ் வாசிப்பார். அம்மாவுக்கு அதுவும் இல்லை. அதனால் அந்த வீட்டுக்கு வரும் எந்தக் கடிதமும் என்னைக் கேட்டுத்தான் பிரிக்கப்படும், கவுன்சில் கடிதமானாலும் சரி, வங்கிக் கடிதமானாலும் சரி. அப்பா தான் வேலை செய்த பெற்றோல் நிலையத்திலும் மரக்கறிக் கடையிலும் நின்று, "மகன் கம்ப்யூட்டர் படிக்கிறான்" என்று கேட்காதவர்களுக்கும் சொல்லுவார். எனக்கு அது கூச்சமாக இருக்கும். ஆனால் பிடிக்கும்.

மாமிதான் கேட்டார். "தம்பி, பேப்பரிலை போடுற மரண அறிவித்தலுக்குக் கீழை, கம்ப்யூட்டரிலையும் அனுதாபம் எழுதலாம் எண்டு ஒரு விலாசம் போட ஏலுமே? சனம் உலகம் முழுக்கச் சிதறிக் கிடக்கு."

"ஏலும் மாமி. இண்டைக்கே செய்யிறன்."

செய்தேன். மாமாவின் படம், பிறந்த ஊர், வாழ்ந்த ஊர். கீழே மூன்று பெட்டிகள். பெயர், ஊர், செய்தி. எழுதி முடித்துப் பொத்தானை அழுத்தினால், "உங்கள் செய்தி கிடைத்தது, நன்றி" என்று ஒரு பக்கம் வரும். அந்தக் காலத்தில் எல்லாக் கணினியிலும் தமிழ் எழுத்துத் தெரியாது என்பதால் அந்த வரியை ஒரு படமாகவே செய்து போட்டிருந்தேன். எழுதியவை எனக்கு மின்னஞ்சலாக வரும். நான் அவற்றை அச்செடுத்து மாமியிடம் கொடுப்பேன். பிறகு அவை கல்வெட்டில் சேரும். கல்வெட்டு என்பது எங்கள் பக்கத்தில் முப்பத்தோராம் நாள், அந்தியேட்டிச் சாப்பாட்டின்போது, வந்தவர்களுக்குக் கொடுக்கும் நினைவுப் புத்தகம். இறந்தவரின் வாழ்க்கை வரலாறு, தேவாரம், உறவுகள் எழுதிய அனுதாபங்கள் எல்லாம் அதில் இருக்கும். யார் எழுதியிருக்கிறார்கள், யார் எழுதவில்லை என்று பார்ப்பதற்கென்றே அதைப் புரட்டுகிறவர்கள் உண்டு.

மாமிக்கு அதில் ஒரே ஒருவரின் எழுத்துத்தான் வேண்டியிருந்தது. பாரிஸில் இருந்த மாமாவின் தம்பி. சின்ன மாமா என்று சொல்லுவோம், ஆனால் நான் கண்டதில்லை. அவருடைய மகள் ஒரு பிரெஞ்சுப் பொடியனைக் கலியாணம் செய்தபோது மாமா போகவில்லை. மாமியையும் போக விடவில்லை. மாமி அந்தக் கலியாணத்துக்கென்று கத்தரிப்பூ நிறத்தில் சீலை எடுத்து வைத்திருந்தவர். அதற்குப் பிறகு அண்ணனும் தம்பியும் கதைக்கவேயில்லை. மாமா இறந்த செய்தி பாரிஸுக்குப் போனது. சின்ன மாமா வரவில்லை. வீட்டுக்கு வந்தவர்கள் மாமியின் காதில் விழும்படியே சொன்னார்கள்: "நல்லதுக்கு வராட்டிலும் கெட்டதுக்கு வரவேணும்."

"அவன் எழுதுவான்" என்றார் மாமி என்னிடம் மட்டும். "வர ரோசம் விடாது. எழுதுவான்."

ஒவ்வொரு நாளும் நான் பல்கலைக்கழகத்திலிருந்து வந்து கதவைத் திறக்கும் சத்தத்துக்குச் சமையலறையிலிருந்து குரல் வரும். "தம்பி, ஏதும் வந்ததே?"

வந்தது. நிறையவே வந்தது. எல்லாம் வெறுமையாக.

முதல் வெறுங்கடிதம் வந்தபோது நான் ஒழுங்காகத்தான் யோசித்தேன். என்னுடைய கணினியில் பக்கத்தைத் திறந்து, பெயரும் ஊரும் செய்தியும் எழுதி அழுத்திப் பார்த்தேன். எல்லாம் வந்தது. அப்படியென்றால் என்னில் பிழையில்லை. அடுத்ததும் வெறுமையாக வந்தபோது, நான் ஒரு முடிவுக்கு வந்துவிட்டேன். எங்கள் சனத்துக்குக் கணினி தெரியாது. பெட்டிக்குள் எழுதவேண்டும் என்று தெரியாமல், பொத்தானைக் கண்டதும் அழுத்துகிறார்கள்.

"வருது மாமி. ஆனால் சனம் ஒண்டும் எழுதாமல் அமத்துதுகள்."

"பாவங்கள். அதுகளுக்கு என்ன தெரியும்" என்றார் மாமி.

அந்த "அதுகளுக்கு" என்ற சொல் எனக்குத் தாராளமாக இடம் கொடுத்தது. அன்றைக்கே பொத்தானுக்கு மேலே, சிவப்பு எழுத்தில், ஒரு வரி செய்து போட்டேன். தயவுசெய்து செய்தியை எழுதிய பின்னர் அழுத்தவும். மாமாவின் படத்துக்குக் கீழே, அழுதுகொண்டு வந்தவர்கள் பார்க்கும் இடத்தில். கவுன்சில் கந்தோர் யன்னலில் ஒட்டியிருக்கும் அறிவித்தல்போல இருந்தது. எனக்கு அது வடிவாகத்தான் தெரிந்தது.

அதற்குப் பிறகும் வெறுமையாகவே வந்தன. முன்னைவிடக் கூடுதலாக வந்தன. சிவப்பு வரியைப் பார்த்து, தாங்கள்தான் ஏதோ பிழை விட்டுவிட்டோம் என்று நினைத்தவர்கள் திரும்ப எழுதியிருக்கிறார்கள் என்பது எனக்கு அப்போது தெரியாது.

ஒரு சனிக்கிழமை அப்பா காலை ஷிப்ட் முடித்து வந்து தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தார். நான் கணினியை அவர் பக்கம் திருப்பினேன்.

"பாருங்கோ அப்பா. இவ்வளவும் வெறும் கடிதம். அறிவித்தலும் போட்டாச்சு, பிறகும் இப்பிடி. படிக்காத சனத்தோடை என்ன செய்யிறது?"

அப்பா திரையைப் பார்த்தார். கோப்பையை மேசையில் வைத்தார்.

"எல்லாம் வெறுமையோ?"

"எல்லாம்."

"நானும் போட்டனான்" என்றார்.

எனக்கு விளங்கவில்லை. "நீங்களோ? எங்கை வைச்சு?"

"வேலையிடத்திலை. என்னோடை நிக்கிற பொடியன், ஆபிரிக்காவிலை கானா நாட்டுக்காரன், சட்டம் படிக்கிறவன். கந்தோர்க் கம்ப்யூட்டரிலை நான் எனக்குத் தெரிஞ்ச இங்கிலீசிலை சொல்ல அவன் வடிவா அடிச்சவன். ரெண்டு தரம் வாசிச்சும் காட்டினவன்." அப்பா கொஞ்சம் சிரித்தார். "அமத்தினவுடனை தமிழிலை வந்தது, உங்கள் செய்தி கிடைத்தது, நன்றி எண்டு. அது அவனுக்கு வாசிக்கத் தெரியேல்லை. நான்தான் அவனுக்கு வாசிச்சுக் காட்டினனான். என்ரை மகன் எழுதினது எண்டு சொன்னன்."

நான் கணினியைத் திரும்ப என் பக்கம் திருப்பினேன்.

"அதுவும் வெறுமையாத்தானோ வந்தது?" என்று கேட்டார். குற்றம் சாட்டுகிற குரல் இல்லை. உண்மையாகவே அறிய விரும்பிக் கேட்டார். பிறகு, "ஒருவேளை நான் ஏதும் பிழையாச் செய்திருப்பன்" என்றார்.

சட்டம் படிக்கிற ஒருவன் அடித்து, இரண்டு தரம் வாசித்துப் பார்த்து அனுப்பியது வெறுமையாக வந்திருக்கிறது என்றால், பிழை எங்கே என்று யோசிக்க நான் பல்கலைக்கழகம் போகத் தேவையில்லை. அப்பா குளிக்கப் போனார். நான் வேலையைத் தொடங்கினேன்.

முதலில் செய்திருக்க வேண்டியதை அப்போதுதான் செய்தேன். என் கணினியில் இருந்த பிரதியில் அல்ல, சனம் பார்க்கும் பக்கம் இருந்த, வாடகைக்கு எடுத்திருந்த சர்வரில் போய்ப் படிவத்தை நிரப்பி அனுப்பினேன். எனக்கும் வெறுங்கடிதம் வந்தது. என்னுடைய சொந்தச் செய்தி, என்னுடைய சொந்தக் கையால் எழுதியது. பிறகு இரண்டு வரியில் ஒரு சின்ன ஸ்கிரிப்ட் எழுதினேன். படிவத்திலிருந்து என்னென்ன வந்து சேர்ந்ததோ, அதை அப்படியே திரையில் காட்டு என்று மட்டும் சொல்வது. காட்டியது. பெயர், ஊர், செய்தி, எல்லாம் இருந்தன. எழுதியவை சர்வரின் வாசல் வரைக்கும் வந்துதான் இருக்கின்றன. அவற்றை மின்னஞ்சலாக்கி அனுப்பும் என்னுடைய ஸ்கிரிப்ட்தான் எடுக்கவில்லை.

காரணம் சிறியது. நான் படித்தது நூலகத்தில் எடுத்த பழைய புத்தகம். பழைய முறையில், பெட்டிக்கு என்ன பெயர் வைத்தோமோ அந்தப் பெயரிலேயே உள்ளே எழுதியது தானாக ஸ்கிரிப்டுக்குள் வந்து நிற்கும். என்னுடைய கணினியில் இருந்த மென்பொருளும் அந்தப் பழைய பதிப்பு. சர்வரில் இருந்தது புதியது. அதில் பாதுகாப்புக்காக அந்த வழியை மூடிவிட்டார்கள். வந்ததெல்லாம் ஒரு பையில் இருக்கும், நீ போய்ப் பையைத் திறந்து கேட்டு எடுக்கவேண்டும். நான் கேட்கவேயில்லை. தானாக வரும் என்று நின்றேன். வராததை வைத்து வெறுங்கடிதம் எழுதி எனக்கே அனுப்பினேன். அனுப்பியவருக்கு நன்றியும் சொன்னேன்.

மூன்று இடத்தில் ஒரு சொல்லைச் சேர்த்தேன். சரியாகிவிட்டது. வேறு நாளாக இருந்தால் சந்தோசத்தில் கத்தியிருப்பேன். அன்றைக்குக் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு இருந்தேன்.

போனதெல்லாம் போனதுதான். சர்வர் வைத்திருக்கும் பதிவில் எந்த நேரம், எந்தக் கணினி என்று இலக்கங்கள் இருந்தனவே தவிர, என்ன எழுதினார்கள் என்பது இல்லை. கோயில் வாசலில் செருப்புகளை மட்டும் பார்த்து உள்ளே யார் என்று கண்டுபிடிக்கிற மாதிரி. அந்த இலக்கங்களை வைத்து நாடுகளை மட்டும் சொல்லலாம். கனடா, சுவிஸ், யாழ்ப்பாணத்தில் ஏதோ ஒரு இணையக் கடை. பிரான்சிலிருந்து சில.

அந்தச் சிவப்பு வரியை நீக்கிவிட்டுக் கீழே இறங்கினேன். மாமி வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார்.

"ஏதும் வந்ததே தம்பி?"

"மாமி, சனம் எழுதாமல் அமத்தேல்லை. எல்லாரும் எழுதித்தான் இருக்கினம். நான் செய்தது பிழை. எழுதினது ஒண்டும் வந்து சேரேல்லை. இனி எடுக்கவும் ஏலாது."

மாமி கத்தியை வைக்கவில்லை. "ஒண்டுமே?"

"ஒண்டுமே. பிரான்சிலையிருந்தும் சிலது வந்திருக்கு. ஆர் எண்டு தெரியாது."

"பிரான்சிலை எங்கடை சனம் கனக்க" என்றார். குரலில் ஒன்றும் இல்லை. ஆனால் உரித்து முடித்த வெங்காயத்தையே திரும்பவும் உரித்தார்.

"திரும்ப எழுதச் சொல்லிக் கேப்பம் மாமி. அந்தக் கம்ப்யூட்டர்ப் பக்கத்திலையே போடுறன்."

அப்போதுதான் அவருக்குக் கோபம் வந்தது. "என்னண்டு கேக்கிறது? நல்லதுக்குச் சொல்லி அழைக்கலாம். கெட்டதுக்கு ஆர் அழைக்கிறது? என்ரை மனுசன் செத்துப்போனார், நீங்கள் கவலைப்படுறியளோ, ஒருக்கா எழுதித் தாங்கோ எண்டு கேக்கிறதே? உனக்குப் படிப்பு மட்டும்தான் சொல்லித் தந்தவங்களோ?"

அந்தக் கேள்வி பிடிக்கவேண்டிய இடத்தில் பிடித்தது. நான் சாமான் அலுமாரியைப் பார்த்துக்கொண்டு நின்றேன். எனக்கு இது தெரியாத விஷயமல்ல. சாவுக்கு யாரும் அழைப்பதில்லை, அறிந்தவர்கள் வருவார்கள். அப்படி அறிந்து, அழையாமல் வந்தவர்களைத்தான் நான் வாசலில் நிறுத்தி, எப்படி வரவேண்டும் என்று சிவப்பில் எழுதிக் காட்டியிருக்கிறேன்.

"நீங்கள் கேக்க வேண்டாம். பிழை என்ரை. சின்ன மாமாவிட்டை நான் கேக்கிறன்" என்றேன்.

மாமி கை கழுவினார். சீலைத் தலைப்பில் துடைத்தார். பிறகு பாரிஸ் போன் இலக்கத்தை எதையும் பாராமல், ஒவ்வொன்றாகச் சொன்னார். கதைக்காத அத்தனை காலமும் அது அவருக்கு மனப்பாடமாக இருந்திருக்கிறது.

நான் போனை எடுத்துக்கொண்டு படிக்கட்டில் உட்கார்ந்தேன். மாமி சொன்ன இலக்கங்களை அழுத்தினேன்.

"அலோ?"

"சின்ன மாமா, நான் லண்டனிலையிருந்து. அண்ணை வீட்டு மேல்மாடியிலை இருக்கிற பொடியன் கதைக்கிறன்."

"ஆர், அந்தக் கம்ப்யூட்டர்க்காரரோ?"

"ஓம்."

"எழுதிப்போட்டு அமத்தச் சொன்ன துரை!"

நான் சொல்ல வைத்திருந்ததைத் தொடங்க அவர் விடவில்லை. அவரே தொடர்ந்தார்.

"நான் எழுதிப்போட்டுத்தான் அமத்தினனான் ராசா. ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க இருந்து எழுதினனான். எனக்கு அந்த விசைப்பலகை பழக்கமில்லை. இங்கிலீசு எழுத்திலை தமிழ். மருமோன்தான் பக்கத்திலை இருந்து எழுத்து எங்கை கிடக்கெண்டு காட்டினவன். அவனுக்கு நான் எழுதுறதிலை ஒரு சொல்லும் விளங்காது. நான் அழுறன், அவன் எழுத்தைக் காட்டுறான்."

மருமகன் என்றால் அந்தப் பிரெஞ்சுப் பொடியன். எந்தக் கலியாணத்துக்கு மாமா போகவில்லையோ அந்தக் கலியாணத்து மாப்பிள்ளை.

"அடுத்த நாள் பாக்கிறன், சிவப்பிலை போட்டுக் கிடக்கு. எனக்குத்தான் போட்டிருக்கினம் எண்டு நினைச்சன். அண்ணையும் உப்பிடித்தான். உனக்கு ஒண்டும் ஒழுங்காச் செய்யத் தெரியாதெண்டு ஏசுவார். செத்தும் மனுசன் விடேல்லை எண்டு நினைச்சன். சரியெண்டு திரும்பியும் எழுதினன். அதுக்கும் ஒரு சத்தமில்லை. அண்ணிக்கு என்னிலை மனம் ஆறேல்லை, சரி, விடுவம் எண்டு விட்டிட்டன்."

"சின்ன மாமா, ரெண்டும் வந்து சேரேல்லை. என்ரை பிழை. உங்களிலை ஒரு பிழையும் இல்லை. அந்த அறிவித்தலும் நான்தான் போட்டனான், மாமிக்கு அது தெரியாது."

அந்தப் பக்கம் பிரெஞ்சுத் தொலைக்காட்சி ஒன்று மட்டும் ஓடியது.

நான் அவசரப்பட்டேன். "கல்வெட்டுக்கு இன்னும் நாள் கிடக்கு. என்ன எழுதினீங்கள் எண்டு இப்ப சொன்னீங்கள் எண்டால், நான் அப்பிடியே எழுதி எடுக்கிறன்."

"உனக்குச் சொல்லுறதே அது?" என்றார்.

அதைக் கோபமாகக்கூடச் சொல்லவில்லை. ஒரு சின்னப் பிள்ளை கேட்கக்கூடாததைக் கேட்டால் சொல்வதுபோலச் சொன்னார்.

"முதல்தரம் எழுதினது எழுதினதுதான். ரெண்டாந்தரம் எழுதேக்கையே எனக்குப் பொய் மாதிரிக் கிடந்தது. மூண்டாந்தரம் என்னாலை ஏலாது. போனை அண்ணியிட்டைக் குடு."

இறங்கிப் போய்க் கொடுத்தேன். மாமி காதில் வைத்து நெடுநேரம் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு, "ஓம்" என்றார். "ஓமடா." பிறகு, "இல்லை, எனக்கு ஒண்டும் வரேல்லை. நீ எழுதேல்லையெண்டு நினைச்சன். உவன் பொடியன்ரை வேலை, சின்னப் பிள்ளை, விடு." பிறகு கதிரையை இழுத்து உட்கார்ந்தார். "அந்தச் சீலை இன்னும் கிடக்கு. மடிப்புக் குலைக்கேல்லை. மகளிட்டைச் சொல்லு." நான் மேலே போய்விட்டேன்.

கல்வெட்டுக்குப் பக்கங்களை அடுக்கியதும் நான்தான். இணையப் பக்கத்தில், பிழை எங்களுடையது, மன்னிக்கவும் என்று மட்டும் எழுதியிருந்தேன். திரும்ப எழுதுங்கள் என்று கேட்கவில்லை, மாமி விடவில்லை. சிலர் தாங்களாகவே எழுதினார்கள். பலர் எழுதவில்லை. சின்ன மாமா எழுதவில்லை.

"அவனுக்கு ஒரு பக்கம் விடு" என்றார் மாமி. "பேரைப் போடு, ஊரைப் போடு. கீழை ஒண்டும் போடாதை."

"வெறுமையா விட்டால் சனம் என்ன நினைக்கும் மாமி?"

"என்னவும் நினைக்கட்டும். அவன் எழுதினவன்." கொஞ்ச நேரம் கழித்து, "உன்ரை கொப்பரும் எழுதினவர் எல்லே? அவற்றை பேரையும் அதுக்குக் கீழை போடு" என்றார்.

அப்பாவிடம் என்ன எழுதினார் என்று கேட்டிருந்தேன். "அது இங்கிலீசிலை எழுதினதடா. எனக்கு எங்கை நினைவு" என்று சமாளித்துவிட்டார்.

அந்தியேட்டிச் சாப்பாடு வெம்பிளியில் ஒரு மண்டபத்தில் நடந்தது. சின்ன மாமா வருகிறேன் என்று சொன்னவர், வரவில்லை. ஆனால் கிழமைக்கு ஒருதரம் போன் எடுத்தார். நான் பாயச வாளியோடு பந்தியில் போய்க்கொண்டிருந்தேன். ஊரில் வாத்தியாராக இருந்த ஒரு பெரியவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கல்வெட்டைப் புரட்டினார். என்னைக் கைகாட்டி நிறுத்தினார்.

"தம்பி, இஞ்சை அச்சுப்பிழை ஒண்டு கிடக்கு. ரெண்டு பேர் இருக்கு, விசயத்தைக் காணேல்லை. ஆர் இதைப் பாத்தது?"

"நான்தான் ஐயா."

"நீர்தானே அந்தக் கம்ப்யூட்டர் படிக்கிற பொடியன்?" என்று சிரித்தார். "அச்சுக்குக் குடுக்க முந்தி ஒருக்கா வாசிச்சுப் பாக்கிறேல்லையோ?"

பக்கத்தில் இருந்தவர்களும் சிரித்தார்கள். நான் சொல்லியிருக்கலாம். வாளியைப் பிடித்தபடி நின்றேன். அடுத்த வரிசையில் இருந்த மாமி திரும்பிப் பார்த்தார்.

"அது பிழையில்லை வாத்தியார்" என்றார். "அது அப்பிடித்தான். பாயசத்தைக் குடியுங்கோ."

திங்கட்கிழமை அப்பா வேலைக்குப் புறப்படும்போது ஒரு கல்வெட்டைச் சட்டைப்பைக்குள் மடியாமல் வைத்தார். அவருடைய பெயர் அச்சில் வந்தது அதுதான் முதல் தடவை.

"ஏனப்பா அது?"

"அந்தக் கானாப் பொடியனுக்குக் காட்டத்தான். அவன்தானே எழுதினவன்."

"அதிலை ஒண்டும் இல்லையே அப்பா."

"என்ன எழுதினதெண்டு அவனுக்குத் தெரியும்தானே" என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினார்.

அந்தப் பெற்றோல் நிலையம் எங்கள் வீட்டிலிருந்து நடந்து போகக்கூடிய தூரம். அந்தக் கோடையில் நான் எத்தனையோ தடவை அதைக் கடந்து போனேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவன் புத்தகம் வாசித்துக்கொண்டிருப்பான். உள்ளே போய், என்னுடைய அப்பா உன்னிடம் என்ன சொன்னார் என்று கேட்டிருக்கலாம். ஒரு தடவை உள்ளேயும் போனேன். அவன் நிமிர்ந்து பார்த்து, யாரென்று தெரிந்ததுபோலச் சிரித்தான். நான் ஒரு பால்போத்தலை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.